நாற்றம்: இல்லை

என் இன்டர், அதாவது பிளஸ் டூ, மார்க் மெமோவில் கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு நேரே முப்பது என்று அச்சடித்திருக்கும். முப்பதுக்கு முப்பது. பார்த்தவர்கள் எல்லாரும் அடேயப்பா என்றார்கள். எனக்கு மட்டும் அந்த எண்ணைக் கண்டால் வாயில் எச்சில் ஊறும். ஆசையில் இல்லை, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

சித்தூரில் ஒரு ஹாஸ்டல் காலேஜில் இரண்டு வருஷம் படித்தேன். படித்தேன் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. விடிவதற்குள் எழுப்பி, வரிசையாகத் தரையில் உட்காரவைத்து, பிட்டுகளை, அதாவது ஒரு மார்க் கேள்விகளின் விடைகளை, கத்தவைப்பார்கள். கேள்வி பாதி வரும்போதே விடை வாயிலிருந்து வந்து விழ வேண்டும். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு யோசித்தால் நீ மக்கு. லேப் என்று ஓர் அறை இருந்தது. அதன் பூட்டை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, செத்துக் கிடந்த பல்லியைக் கூட்டித் தள்ளிவிட்டு, எங்களை உள்ளே விட்டார்கள்.

பிராக்டிகலில் ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். சால்ட் என்று பெயர். அதில் என்ன உலோகம், என்ன அமிலம் என்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்த வேலையெல்லாம் எங்களுக்கு எதற்கு? எங்கள் காலேஜில் அட்டெண்டர் இருந்தாரே! யாருக்கு எந்தப் பொடி என்று அவருக்குத் தெரியும். மேசை மேசையாக நடந்து வருவார். மூக்கைத் தொட்டால் அமோனியம். காதைத் தொட்டால் ஈயம். கழுத்தைத் தடவினால் பேரியம். அப்புறம் விரல் காட்டுவார். ஒன்று என்றால் குளோரைடு, இரண்டு என்றால் சல்பேட். அந்தப் பத்து நாளும் லேப்பில் எங்களுக்கு நடந்த பாடம் இதுதான். கெமிஸ்ட்ரி சார் ஜன்னலோரம் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஒரு சந்தேகம் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவான பாடம்.

பரீட்சை அன்று அட்டெண்டருக்குச் சளி.

கைக்குட்டைகூட இல்லாமல் வந்திருந்தார் அந்த மனுஷன். எங்கள் வரிசையில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேர் முன்னாலும் மூக்கைத் தொட்டார். தொட்டாரா துடைத்தாரா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. நான் எதற்கும் இருக்கட்டும் என்று பொடியைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்துச் சூடுபண்ணினேன். அமோனியம் என்றால் நெடி ஏறும், கண்ணில் தண்ணீர் வரும் என்று நோட்டில் இருந்தது. குழாய்க்குள் மூக்கை விடாத குறையாகக் குனிந்தேன். வெறும் ஆவி. சோறு வடிக்கும்போது வருகிற ஆவிக்காவது ஒரு வாசனை இருக்கும்.

பக்கத்து மேசைப் பெண் உதடு அசையாமல் கேட்டாள். "ஏய், நெடி வருதா ஒனுக்கு?"

"வர்ல."

"எனுக்கும் வர்ல. மூக்கத்தான தொட்டாரு? எழுது, எழுது."

எழுதினேன். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது என்று எழுதினேன். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறியது என்று எழுதினேன். என் மேசையில் லிட்மஸ் தாளே இல்லை. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் டீயும் மிக்சருமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வரிசை முழுக்க ஒன்பது பேருக்கும் அமோனியம் எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மிக்சர் எண்ணெய்க் கையோடே ஒன்பது தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்பது பேருக்கும் முப்பது. என் பொடியில் நிஜமாக என்ன இருந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று ஹாஸ்டலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அமோனியம் பேட்ச் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அதிகமாகச் சிரித்தவள் நான். சீ என்று இப்போது யார் மேலாவது காறித் துப்ப வேண்டுமென்றால் முதலில் அந்தச் சிரிப்பின் மேல்தான் துப்ப வேண்டும்.

எங்கள் ஊர் நகரி. என் நைனா அங்கே ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். லுங்கிக்குப் போகிற நூல், அதனால் கறுப்புதான் அதிகம். கறுப்பு போடுகிற நாளில் சல்பைடு கட்டிகளைத் தொட்டியில் கரைப்பார்கள். அழுகின முட்டை நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும். பஸ்ஸில் நைனா பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், கவனிக்காதவர் மாதிரி. அவர் கை நகங்கள் எனக்குத் தெரிந்து எப்போதும் கறுப்பு. இரண்டு வருஷமாகத் தோலும் பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. சோறு பிசைந்தால் உப்பும் காரமும் உள்ளே இறங்கும். ஸ்பூனால் துன்னுகிற ஆள் அவர் இல்லை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பிசைவார். புத்தூர் டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், தொட்டியை விட்டுவிடு, இல்லையென்றால் கை போய்விடும் என்று. தொட்டியை விட்டுவிட்டு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் பட்டறை முதலாளி. என் மெமோவை நைனா அவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். முப்பதைப் பார்த்ததும் முதலாளிக்கு யோசனை வந்துவிட்டது.

"பாப்பாவ டிகிரியில கெமிஸ்ட்ரி எடுக்கச் சொல்லு. பட்டறைக்கு நம்ம ஆளே ஒரு கெமிஸ்ட் இருந்தா நல்லது, வெளிய விடற சாயத் தண்ணி டெஸ்ட்டுல பொல்யூஷன் ஆபீசுக்குக் கையெழுத்துப் போட. படிச்சு முடிக்கிற வரைக்கும் லீவு நாள்ல வந்து ரெஜிஸ்டர் எழுதிக் குடுக்கட்டும். காலேஜில கெமிஸ்ட்ரின்னு பதிஞ்சுட்டு வந்து சொல்லட்டும், அன்னிக்கே ஒன்ன தொட்டியில இருந்து எடுத்து நூல் குடோன்ல உக்கார வெச்சிடறேன்."

நைனா இதை வீட்டில் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குடோனில் நாற்காலி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, கையில் தண்ணீரே படாது என்று மூன்று தடவை சொன்னார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். ஆக நான் படிக்கப்போகிற பாடம் பாயசத்தோடு முடிவாகிவிட்டது. காலேஜ் பேப்பரில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

திருப்பதியில் ஒரு டிகிரி காலேஜில் சேர்ந்தேன். எந்தப் பாடம் மேஜர் என்று சேர்ந்து பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. எனக்கு மிச்சம் இருந்தது கெமிஸ்ட்ரி, இல்லையென்றால் கணக்கு. கெமிஸ்ட்ரி லெக்சரர் என் மெமோவைக் கையில் வாங்கினதும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தர்ட்டிகி தர்ட்டி! இங்கேம் காவாலம்மா நீகு?"

இதற்கு மேல் உனக்கு என்னம்மா வேண்டும் என்கிறார். எனக்கு வேண்டியது ஒன்று இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன், "சார், இங்கே பிராக்டிகல்ஸ் நிஜமாகவே செய்வோமா சார்?" அவர் சிரித்துவிட்டார். ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் போதும், செய்வதெல்லாம் யாரம்மா பார்க்கிறார்கள் என்றார். அன்று மத்தியானமே ஒரு சீனியர் அக்கா தன்னிடம் இருந்த ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள், பார்த்து எழுதிக்கொள் என்று. அவளுக்கு அவளுடைய சீனியர் கொடுத்தது. ரீடிங்குகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே ரெடி. நான் இனிமேல் செய்யப்போகிற சோதனையின் விடை எனக்கு முந்தின இரண்டு பேர் கையெழுத்தில் இருந்தது. அந்த நோட்டின் அட்டை பிசுபிசுவென்று இருந்தது. எத்தனை கை பட்டதோ, கர்மம்.

இருந்தாலும் கெமிஸ்ட்ரி எடுப்பது என்றே இருந்தேன். இதை மறைக்க மாட்டேன். மூன்று வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டால் நைனாவின் கை பிழைக்கும் என்றால் அது பெரிய விலையா என்ன? அந்தச் சனிக்கிழமை அரக்கோணம் பாசஞ்சர் ஏறி ஊருக்கு வந்தேன். திங்கட்கிழமை பேப்பர் கொடுக்கக் கடைசி நாள். ஞாயிறு காலையில் முதலாளி பட்டறை லேப்பைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். நைனாவோடு நானும் போனேன்.

லேப் என்பது மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேசை, நாற்காலி, மேலே ஃபேன். அலமாரியில் நாலு கண்ணாடிக் குடுவை, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. மேசை மேல் ஒரு மினரல் வாட்டர் பாட்டில், அதன் மேல் 'சாம்பிள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதில் இருந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"இது எந்தத் தண்ணி மொதலாளி?" என்றேன்.

"எங்க வீட்டு போர் தண்ணிம்மா. நல்ல தண்ணி, தைரியமா குடிக்கலாம்," என்றார். மனுஷன் அதைப் பெருமையாகச் சொன்னார்.

பட்டறையிலிருந்து வெளியே போகிற தண்ணீரை நாள்தோறும் சோதித்ததாக எழுதுகிற ரெஜிஸ்டர் இரண்டை முன்னால் வைத்தார். ஒன்று போன வருஷத்தது. இன்னொன்று புதுசு. "அதப் பாத்து இதுல எழுதும்மா. அப்படியே எழுதிடாத, நம்பர மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன மாத்திக்க. ரெண்டு மாசத்துக்குச் சேத்து எழுதிட்டா ஒனக்கும் அடிக்கடி அலைச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு டிபனுக்குப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தேதி. அளவு. நிறம்: இல்லை. நாற்றம்: இல்லை. அடுத்த வரி. சித்தூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வேலையைத்தானே? ஒரு பக்கத்தை முடித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் வராத வியாழக்கிழமைக்கு வந்திருந்தேன். வியாழன்தான் பட்டறையில் கறுப்பு. நிறம்: இல்லை. நாற்றம்: இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு நேரே தொட்டி. வேலை மிச்சம் இருந்ததால் அந்த ஞாயிறன்றும் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. நைனா முழங்கைவரை உள்ளே விட்டு நூலைத் திருப்பிக்கொண்டிருந்தார். தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் கருப்பட்டிப் பாகு மாதிரி கால்வாயில் இறங்கிப் போனது. நாற்றம் அறைக்குள் நிரம்பி, ஃபேன் அதை என் முகத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி அடித்தது. நான் அதை மூச்சில் இழுத்துக்கொண்டே இல்லை, இல்லை, இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இல்லாத நெடியை வந்தது என்று எழுதினவள், இருக்கிற நாற்றத்தை இல்லை என்று எழுதுகிறேன். இரண்டுக்கும் கை ஒரே கைதான். அந்த நேரம் பார்த்து நைனா தலையைத் தூக்கினார். மேசை முன்னால், ஃபேனுக்கு அடியில், பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

எழுந்து வெளியே ஓடி, சுவரோரமாகக் காலையில் துன்ன இட்லியை முழுசாக வாந்தி எடுத்தேன். அப்புறம் உள்ளே போய் நான் எழுதின பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் நைனா வந்ததும் சொன்னேன், கெமிஸ்ட்ரி எடுக்க மாட்டேன் என்று.

அம்மாதான் முதலில் கத்தினாள். "இன்னாம்மே பேசற நீ? நைனா கைய பாத்தியா? கண்ணு தெரியுதா இல்லியா ஒனுக்கு?"

நைனா அவளைக் கையமர்த்தினார். "பாப்பா, படிக்கக் கஷ்டமாகீதா?"

"கஷ்டம் இல்ல நைனா. அங்க எழுதறதெல்லாம் பொய்யி."

"பொய்யின்னு எனுக்குத் தெரியாதா?" என்றார். குரல் ஏறவே இல்லை. "இத்தினி வருசமா அந்தத் தண்ணியில நின்னுகினு கீறவன் நானு. நீ எழுதலன்னா எவனோ வந்து எழுதப்போறான். தண்ணி அதே தண்ணிதான். என் கை மட்டும் தான் மாறும்."

அவர் தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். முதல் வாய்க்குக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "சரி, உடு. ஒனுக்குப் புடிக்கலன்னா எடுக்காத," என்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திட்டுகிற ஆளைப் பதிலுக்குத் திட்டலாம்.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் புத்தூர் தாண்டுகிற வரைக்கும் மனசு மாறி மாறி அடித்தது. நான் நல்லவள், நியாயத்துக்கு நின்றவள் என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்லவளாக இருந்தால் கெமிஸ்ட்ரியை எடுத்து, ஒழுங்காகக் கற்று, அந்த ரெஜிஸ்டரில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்க வேண்டும். அந்த யோசனையும் ரயிலில் வந்தது, ரேணிகுண்டாவில் இறங்கிப் போய்விட்டது. எனக்கு இருந்தது அருவருப்பு ஒன்றுதான். அருவருப்பு வந்த ஆள் விலகிப் போவாள், சுத்தம்பண்ண மாட்டாள். நான் விலகிப் போனேன்.

பேப்பரில் கணக்கு என்று எழுதினதைப் பார்த்த லெக்சரர், "பிச்சி பில்லா," என்றார், பைத்தியக்காரப் பெண்ணே என்று. நான் மெமோவை வாங்கிப் பைக்குள் வைத்தேன். கணக்கில் எனக்கு மார்க் சுமார்தான். ஆனால் அது நான் போட்ட கணக்குக்கு வந்த மார்க்.

நைனா சொன்னது அப்படியே நடந்தது. பட்டறையில் இப்போது வேறு யாரோ ரெஜிஸ்டர் எழுதுகிறார்கள். குடோன் நாற்காலியில் வேறு ஒருத்தியின் நைனா உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் அதே தண்ணீர்தான். என் நைனா அதே தொட்டியில்தான் நிற்கிறார், முதலாளி அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வலது கைக் கட்டைவிரல் இப்போது மடங்குவதில்லை. அம்மா என்னோடு பேச மூன்று மாசம் ஆனது. பேசின முதல் வார்த்தை, "துன்னியா?"

போன மாசம் பெற்றோரைக் கூட்டிவரும்படி காலேஜில் சொன்னார்கள். நைனா வந்தார். முந்தின நாள் கறுப்பு. விடியற்காலை எழுந்து இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்து, பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துக்கும் கைக்கும் பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தார். ஆபீஸ் வராந்தாவில் வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். செருப்பை, சுவரை, கூரையைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

நைனா அதைப் பார்த்துவிட்டார். வரிசையிலிருந்து ஒதுங்கி, நான் யாரோ அவர் யாரோ என்பது மாதிரி தூண் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். என் கிளாஸ் பெண்கள் எதிரில் இருந்தார்கள். நான் கிட்டே போனதும், அவர்களைப் பார்த்துக்கொண்டே, வெடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, நெஜமா சொல்லு. எம்மேல நாறுதா?"

அழுகின முட்டை. பவுடரைத் தாண்டி, சோப்பைத் தாண்டி, மூக்கைத் துளைத்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இல்ல நைனா," என்றேன்.

அப்பாடா என்று மூச்சு விட்டு, என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றார்.